ஹிமாலயனுக்கு வேறு ஹேண்டில்பார்: பிராண்டுக்கு முன்னால் மில்லிமீட்டர்

அட்வென்ச்சர் பைக்குக்கு ஹேண்டில்பார் மாற்றப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்த பிராண்ட்?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இப்போது இருக்கும் பாரில் எந்த அளவு, எத்தனை மில்லிமீட்டர் நமக்கு ஒத்துவரவில்லை? இதற்குப் பதில் இல்லாமல் கடைக்குப் போனால் விலை கூடிய அலுமினியக் குழாய் ஒன்றை மாட்டிக்கொண்டு அதே தோள்வலியோடு ஓட்ட வேண்டியதுதான்.

என் வண்டி ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411. 2016-ல் வந்து, பிறகு 452 சிசி மாடலுக்கு வழிவிட்ட பழைய வண்டி. நான் ஐந்தடி ஐந்து அங்குலம். என் மச்சானிடமும் அதே வண்டிதான், ஆனால் அவன் ஆறடியைத் தாண்டியவன். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பார் மாற்றினோம். ஒரே வண்டி, ஒரே மெக்கானிக், முடிவு மட்டும் நேரெதிர். அவனுக்குப் போட்டது எனக்கு ஆகாது, எனக்குப் போட்டதில் அவனால் செங்கல்பட்டு வரைகூட நிம்மதியாகப் போக முடியாது. வீடியோக்களில் ஹேண்டில்பார் பற்றிப் பேசுபவர்களில் பாதிப் பேர் ஆறடிக்காரர்கள். "ரைசர் (பாரை உயர்த்த அதன் அடியில் வைக்கும் துண்டு) போடுங்கள், வாழ்க்கையே மாறிவிடும்" என்று அவர்கள் சொல்லும்போது யாருடைய வாழ்க்கை என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

எனக்கு மாற்ற வேண்டி வந்ததற்குக் காரணம் ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு சேற்றுப் பாதையில் வண்டி இடதுபுறம் சாய்ந்தது. வேகம் ஒன்றுமில்லை, நடந்து போகிற வேகம்தான். எழுந்து பார்த்தால் சக்கரம் நேராக இருக்கிறது, பார் இடப்பக்கம் பார்க்கிறது. இப்படி ஆனவுடனே பார் வளைந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பல சமயம் வளைந்திருப்பது பார் அல்ல. முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் குழாய்களும், அவற்றை மேலே பிடித்திருக்கும் டி-ஸ்டெம் கிளாம்புக்குள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நிற்கும். முன்சக்கரத்தை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து பாரை எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு வெட்டினால் சிறு முறுக்கல் சரியாகிவிடும். அதற்கும் அசையாவிட்டால் ஆக்சிலையும் கீழ்க் கிளாம்ப் போல்ட்டுகளையும் தளர்த்தி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி எடுத்து, மறுபடி இறுக்க வேண்டும். இதைச் செய்த பிறகும் கோணல் இருந்தால்தான் பார் மீது சந்தேகப்பட வேண்டும்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு நூல் போதும். சக்கரத்தை நேராக நிறுத்தி, சீட்டின் பின்பக்கம் நட்டநடுவில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து இரண்டு பார் முனைகளுக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு முனைகளின் உயரத்தையும் பாருங்கள். இரண்டிலும் வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான் என்றால் பார் தப்பித்தது. என் வண்டியில் இடப்பக்கம் கண்ணுக்கே தெரிகிற அளவுக்குப் பின்னால் வந்திருந்தது.

சரி, மாற்றத்தான் வேண்டும். கம்பெனி ஸ்டீல் பாரையே வாங்கிப் போட்டிருக்கலாம், அது மலிவு. ஆனால் அதற்கு முன்பே எனக்கு ஒரு தொந்தரவு இருந்தது. நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபடியே ஓரிரு மணி நேரம் ஓட்டினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். எந்த விரல் மரக்கிறது என்பதைக் கவனித்து வைப்பது நல்லது. சுண்டுவிரல் பக்கம் மரத்தால் உள்ளங்கையின் வெளிப்பக்கத்தில், மணிக்கட்டை ஒட்டி, பாரம் அழுத்துகிறது என்று ஊகிக்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் மணிக்கட்டு மேலோ கீழோ மடிந்து நிற்கிறது, அல்லது கிரிப்பை அளவுக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறோம். முதலாவது பெரும்பாலும் பார் முனைகள் எந்தக் கோணத்தில் பின்னால் வருகின்றன என்பதைப் பொறுத்தது. இரண்டாவதற்குப் பார் மாற்றவே தேவையில்லாமல் போகலாம், லிவர்களைக் கொஞ்சம் சுழற்றி வைத்தாலே தீர்ந்துவிடும்.

காசு செலவழிக்கும் முன் இருக்கிற பாரை, அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் சுழற்றிப் பார்ப்பது எல்லாருக்கும் நான் சொல்வது. கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி பாரை நம் பக்கம் சுழற்றினால் கைப்பிடி பின்னால் வரும், கூடவே கீழேயும் இறங்கும். முன்னால் தள்ளினால் மேலே ஏறி எட்டிப்போகும். பாரின் ஏறுபகுதி, பக்கவாட்டில் பார்த்தால், ஃபோர்க்கின் சாய்வோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும்படி வைத்துத் தொடங்கி, அங்கிருந்து சின்னச் சின்னதாக மாற்றிப் பாருங்கள். ரொம்பப் பின்னால் சுழற்றினால் முனைகள் தரையைப் பார்த்துத் தொங்கும், மணிக்கட்டு வெளிப்பக்கமாக மடியும். பாதிப் பேருக்கு இந்த வேலையிலேயே குறை தீர்ந்துவிடும். எனக்குப் பாதிதான் தீர்ந்தது.

இனி அளவுகள். அகலம் என்பது முனைக்கு முனை, இதில் குழப்பமில்லை. உயரத்தில்தான் குழப்பம். சில கம்பெனிகள் கிளாம்ப் நடுவிலிருந்து பார் முனை வரை உள்ள உயரத்தைச் சொல்கின்றன, சில, குழாய் வளைந்து ஏறி முடிகிற முழங்கை வரைக்கும் சொல்கின்றன. ஒரே பாருக்கு இந்த இரண்டு எண்ணும் வேறு வேறு. அதனால் 'ரைஸ் இத்தனை' என்று மட்டும் போட்டிருந்தால் இரண்டு கம்பெனிப் பார்களை ஒப்பிட முடியாது, படத்தில் எந்தக் கோட்டை அளந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அடுத்தது புல்பேக், அதாவது கிளாம்பிலிருந்து முனை எவ்வளவு பின்னால் வருகிறது என்பது. கடைசியாகக் கிளாம்ப் விட்டம். அட்டவணைகளில் நுழையுமுன், வண்டியில் இருக்கும் பாரைக் கழற்றி, சமதளமான மேசையில் வைத்து, இந்த நாலையும் நாமே அளந்து எழுதிக்கொண்டால்தான் 'கூட', 'குறைய' என்பதற்கே ஒரு பொருள் வரும். வளைந்த பார் என்றால் நல்ல பக்கத்தை மட்டும் அளந்து, அகலத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம்.

அகலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குள்ளமானவர்கள் ஏமாறுவது இங்கேதான். கம்பெனி கணக்கில் ஹிமாலயன் 411-இன் மொத்த அகலம் 840 மி.மீ. அகலமான பார் மணலிலும் சேற்றிலும் நல்லது என்பது உண்மை. நெம்புகோல் நீளம் கூடுவதால் 21 அங்குல முன்சக்கரத்தைத் திருப்பக் குறைந்த பலம் போதும். ஆனால் முழுதாகத் திருப்பும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறும்போது இறுக்கமான இடது வளைவில் பாரை முழுக்கத் திருப்பினால் வலது முனை முன்னால் ஓடும். கை நீளம் போதாதவர் தோளை முன்னுக்குத் தள்ளி, முதுகை வளைத்து, விரல் நுனியில் ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டிருப்பார். மெதுவான வேகத்தில் ஆக்சிலேட்டரைத் துல்லியமாகக் கொடுக்க வேண்டிய நேரத்தில்தான் இப்படி ஆகும். வண்டியை நிறுத்தி வைத்து, சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, வெளிப்பக்கக் கை முழங்கையில் கொஞ்சமாவது மடிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். மடிப்பே இல்லாமல் கை நீட்டிக்கொண்டு நின்றால் பார் உங்களுக்கு அகலம், அல்லது புல்பேக் போதவில்லை.

எந்த அகலம் சரி என்பதற்குத் தண்டால் கணக்கு ஒன்று உண்டு. தரையில் தண்டால் எடுக்கும்போது எந்த இடைவெளியில் கை வைத்தால் அதிகப் பலம் வருகிறதோ, அந்த உள்ளங்கை இடைவெளிதான் தோராயமாக உங்கள் கிரிப் நடுவுக்கு நடு இருக்க வேண்டிய தூரம். விஞ்ஞானம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு வந்த எண்ணும் மச்சானுக்கு வந்த எண்ணும் கடைசியில் நாங்கள் போட்ட பார்களோடு நன்றாகவே ஒத்துப்போயின. பார் கொஞ்சம் அகலமாக இருந்தால் இரண்டு முனையிலும் சமமாக 10, 15 மி.மீ வெட்டிக்கொள்ளலாம். வெட்டும் முன் கிரிப், ஸ்விட்ச், லிவர் எல்லாம் மீதமுள்ள நேர்ப்பகுதியில் உட்காருமா என்று வைத்துப் பார்க்க வேண்டும். வெட்டியதை ஒட்ட முடியாது.

உயரம் நின்றுகொண்டு ஓட்டுபவரின் பிரச்சினை. இமாச்சலத்தில் ஸ்பிட்டிக்குப் போகும் வழியில் கிராம்ஃபுவிலிருந்து பட்டல் வரை உள்ள கல்லும் தண்ணீருமான பாதையில் பெரும்பாலும் ஃபுட்ரெஸ்ட்டில் நின்றுதான் ஓட்ட வேண்டும். அங்கே என் மச்சான் கூன் விழுந்தவன் மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தான். பார் அவனுக்குக் கீழே இருந்ததால் உடம்புப் பாரம் முழுக்கக் கையில் இறங்கி, முன்சக்கரம் கல்லில் மோதும் ஒவ்வொரு முறையும் தோளில் வாங்கினான். நின்றால் இடுப்பு மட்டும் கொஞ்சம் மடிந்து, பாரம் பாதத்தில் நிற்க வேண்டும், பாரை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். எனக்கு அதே பாரில் அப்படித்தான் இருந்தது. ஆகவே அவனுக்கு வேண்டியது உயரம், எனக்கு வேண்டியது புல்பேக்கும் கொஞ்சம் குறைந்த அகலமும்.

உயரம் மட்டும் வேண்டுபவர்களுக்குப் பார் மாற்றாமலே ரைசர் போட்டுக்கொள்ள வழியிருக்கிறது. அதிலும் இரண்டு விதம். ஃபோர்க் சாய்வுக் கோட்டிலேயே உயர்த்துவது ஒன்று. 30 மி.மீ உயர்த்தினால் பார் ஏறக்குறைய 12, 13 மி.மீ பின்னாலும் வரும். நேர் செங்குத்தாகத் தூக்குவது இன்னொன்று, அதில் பின்னால் வராது. இதைக் கேட்காமல் வாங்கினால் உயரமும் கிடைத்து, வேண்டாத நெருக்கமும் கிடைக்கும். ரைசர் உயர உயர, விழும்போது கிளாம்ப் போல்ட்டில் விழும் நெம்பலும் கூடும். 30 மி.மீட்டருக்கு மேல் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வாங்கும் முன் ஒத்திகை பார்க்க எலக்ட்ரீஷியன்கள் சுவருக்குள் போடும் 20 மி.மீ பிவிசி பைப் போதும். சூடு காட்டி, நினைத்திருக்கும் பாரின் அளவுக்கு வளைத்து, பழைய பார் மேலேயே இரண்டு இடத்தில் கட்டிவிடுங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, உட்கார்ந்தும் எழுந்து நின்றும் அந்தப் பைப்பைப் பிடித்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, கை தானாக எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பது இன்னும் நல்லது. நிறுத்திய வண்டியில் மட்டும்தான் இந்த விளையாட்டு. என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை வேணும்னீங்களா?" என்று கேட்டாள். ஆமாம், இதற்குத்தான்.

அடுத்தது கிளாம்ப் விட்டம். கிரிப் மாட்டும் இடம் ஏறக்குறைய எல்லா பைக்கிலும் 22.2 மி.மீ, அதாவது முக்கால் அங்குலத்துக்கும் மேலே இன்னும் அரைக்கால். கிளாம்ப் பிடிக்கும் நடுப்பகுதி மட்டும் இரண்டு வகை. பழைய முறையில் அங்கும் 22.2 தான். டேப்பர்ட் பாரில் நடுவில் 28.6 மி.மீ தடித்து, முனைக்குப் போகப் போக 22.2 ஆகக் குறையும். கேடிஎம் 390 அட்வென்ச்சர் மாதிரி வண்டிகளில் இந்த வகை கம்பெனியிலேயே வருகிறது. தடித்த நடு ஏன் என்றால், அலுமினியம் ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு எடைதான், ஆனால் அதன் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதே தடிமனில் செய்தால் வளைந்து கொடுக்கும். விட்டத்தைக் கூட்டினால் விறைப்பு மடங்கு மடங்காக ஏறும். இல்லாவிட்டால் 22 மி.மீ அலுமினியப் பாரில் செய்வதுபோல நடுவே ஒரு குறுக்குக் கம்பி போட்டு முட்டுக் கொடுக்க வேண்டும். ரெந்தால் போன்ற கம்பெனிகள் இரண்டு வகையும் செய்கின்றன. 1969-ல் இங்கிலாந்தில் இரண்டு பேர் தங்கள் குடும்பப் பெயர்களை வெட்டி ஒட்டி வைத்த பெயர் அது.

ஹிமாலயன் 411-இல் கிளாம்ப் 22 வகை. அதில் டேப்பர்ட் பார் போட வேண்டுமென்றால் 22-இலிருந்து 28.6-க்கு மாற்றும் அடாப்டர் கிளாம்ப் வேண்டும். அந்த அடாப்டரே பாரை இருபது முப்பது மில்லிமீட்டர் உயர்த்திவிடும். உயர்ந்தால் கேபிள் போதாது. இப்படி ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டே போகும். மச்சானுக்கு உயரமே வேண்டியிருந்ததால் அடாப்டர் அவனுக்கு வரம். எனக்கு அது வேண்டாத உயரம், வேண்டாத செலவு. 22 மி.மீ அலுமினியப் பார் போடலாம் என்றால் குறுக்குக் கம்பி மீட்டருக்கு முன்னால் வந்து நின்றது, சாவித் துவாரத்தில் கை விடும்போதும் இடித்தது.

கடைசியில் நான் போட்டது ஸ்டீல். கம்பெனிப் பாரைவிடக் குறுகல், 800 மி.மீ, புல்பேக் 15 மி.மீ கூடுதல், உயரம் கிட்டத்தட்ட அதேதான். நண்பர்கள் வட்டத்தில் இதற்குக் கிடைத்த மரியாதை கொஞ்சம்தான். "இவ்வளவு யோசிச்சிட்டு ஸ்டீலாடா?" என்றார்கள். என் நியாயம் இது. அலுமினியப் பார் விழுந்தால் ஓரளவு வரை வளையாது. வளைந்தால் அதை நிமிர்த்தக் கூடாது, நிமிர்த்தினால் விரிசல் விடும். சின்னச் சின்ன அழுத்தங்களும் அலுமினியத்தில் உள்ளே சேர்ந்துகொண்டே வரும். கிளாம்ப் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தால் அங்கிருந்துதான் ஒருநாள் உடையும். அதனால் பெரிய அடி வாங்கிய அலுமினியப் பாரை, பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றிவிட வேண்டும். ஸ்டீல் சீக்கிரம் வளையும், ஆனால் ஒரு நீளமான இரும்புக் குழாயை மேலே செருகி நெம்பினால் ஊருக்குத் திரும்புகிற அளவுக்கு நிமிர்ந்து கொடுக்கும். அதே ஸ்பிட்டி வழியில் குன்சம் கணவாய்ப் பக்கம், 4,500 மீட்டருக்கும் மேலே, எந்தக் கடையில் போய்ப் பார் வாங்குவது? நிமிர்த்திய ஸ்டீலும் நிரந்தரமல்ல, வீடு வந்ததும் மாற்ற வேண்டும். குழாய் மடிந்து நசுங்கியிருந்தால் அதையும் தொடக் கூடாது. மோட்டோகிராஸ் டிராக்கில் தினமும் குதித்து விளையாடுபவர் என்றால் நான் சொல்வதைக் கேட்க வேண்டாம், தடித்த அலுமினியமே வாங்குங்கள்.

பாரின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். மீதி அதில் தொங்குபவற்றில் இருக்கிறது. கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், முன் பிரேக் ஹோஸ், இரண்டு பக்க ஸ்விட்ச் வயர்கள். ஹிமாலயன் 450-ல், அதாவது அந்த 452 சிசி மாடலில், ஆக்சிலேட்டருக்குக் கேபிளே கிடையாது, எலக்ட்ரானிக். ஆனால் கிளட்சும் பிரேக்கும் அங்கும் இருக்கின்றன. 411-இல் 2018-க்குப் பின் வந்த ஏபிஎஸ் வண்டிகளில் பிரேக் ஹோஸ், பிரேக் லிவரை ஒட்டிய மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை, ஏபிஎஸ் யூனிட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறது. அதை நீட்டுவது லோக்கல் பட்டறையில் ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலையல்ல. புது ஹோஸ் போட்டால் பிரேக் ஆயில் மாற்றி, காற்று முழுக்க வெளியேற்ற வேண்டும், ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் சர்வீஸ் சென்டரின் கருவி தேவைப்படலாம். மச்சானுக்குக் கிளட்ச் கேபிளும் ஹோஸும் நீளமாகப் போட வேண்டி வந்தது. ஆக்சிலேட்டர் கேபிளை மட்டும் வேறு வழியில் கொண்டுபோனதால் தப்பியது. கூட்டிப் பார்த்தால் பாரின் விலையை இந்த வேலைகள் தாண்டிவிட்டன. எனக்குக் கேபிள் எதையும் தொடவில்லை. உயரத்தை மாற்றாததன் லாபம் அது.

கடைக்கு எங்கே போவது? சென்னைக்காரர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு தெரியும். பழைய உதிரிகளுக்குப் புதுப்பேட்டை. ஆனால் பார் விஷயத்தில் பழையது வாங்கவே கூடாது என்பது என் கட்சி, எந்த விபத்தில் என்ன பட்டது என்று குழாய் நம்மிடம் சொல்லாது. கையில் டேப்பும், விட்டம் அளக்க வெர்னியரும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் முதலில் விநோதமாகப் பார்ப்பார், அப்புறம் அவரே ஒரு கட்டு பார்களை எடுத்துப் போடுவார். பெயர் இல்லாத பார்களில் விட்டம் 22.2-க்குப் பதில் சற்று மெலிந்து வருவது உண்டு. கிளாம்ப் இறுக்கினாலும் அது வழுக்கிச் சுழலும். கிளாம்ப் உட்காரும் நடுப்பகுதியில் சொரசொரப்பு வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பார் சுழலாமல் பிடிப்பது அதுதான். குழாய் முனையில் சுவர் எவ்வளவு தடிமன், உள்ளே தையல் எப்படி என்று பாருங்கள். சமமான தரையில் கவிழ்த்து வைத்தால் இரண்டு முனையும் ஒன்றுபோல் தரை தொட வேண்டும். புதுப் பார்களிலேயே கோணல் இருப்பது உண்டு.

மாட்டும்போது மெக்கானிக் அண்ணன் முதலில் தடுமாறியது ஸ்விட்ச் பெட்டியில். ஸ்விட்ச் சுழலாமல் இருக்க அதன் உள்ளே ஒரு சின்னக் குமிழ் இருக்கும், கம்பெனிப் பாரில் அதற்கு ஒரு துளை இருக்கும். வெளியில் வாங்கும் பாரில் துளை இருக்காது. ஒன்று குமிழைச் சீவ வேண்டும், அல்லது பாரில் துளை போட வேண்டும். "துளை போட்டுடலாம் தம்பி, ரெண்டு நிமிஷம்" என்றார். ஸ்டீல் பார் என்பதால், வளைவிலிருந்து தள்ளி, கிரிப் பக்கத்து நேர்ப்பகுதியில் போட்டோம். இடத்தை முடிவு செய்யும் முன் ஸ்விட்ச், லிவர், கிரிப் மூன்றையும் தளர்வாக மாட்டி, கை வைத்துப் பார்த்து, மார்க் பண்ணினோம். அலுமினியப் பாருக்குத் துளை கூடவே கூடாது என்று சில கம்பெனிகள் எழுதியே வைத்திருக்கின்றன. அங்கே குமிழைச் சீவி, ஸ்விட்சுக்கு அடியில் மெல்லிய ரப்பர் ஒன்று வைத்துப் பிடிக்கச் செய்வதுதான் வழி. மச்சானுக்கு அப்படித்தான் செய்தார்.

அப்புறம் பார் முனை எடை. கம்பெனிப் பாரின் உள்ளே மரை இருக்கும், எடைக் கட்டி அதில் ஸ்குரூவாகும். வெளிப் பாரில் வெறும் குழாய். விரிந்து பிடிக்கும் ரப்பர் வகை பார் எண்ட் வேண்டும், அதற்கு உள்விட்டம் தெரிய வேண்டும். முனையில் மாட்டும் ஹேண்ட்கார்டுக்கும் இதே கதை. ஸ்டீலுக்கு உள்விட்டம் ஒன்று, அலுமினியத்துக்குச் சுவர் தடிமன் என்பதால் வேறு. எடையை மாட்டாமல் விடலாமே என்று தோன்றும். ஒற்றை சிலிண்டர் வண்டியில் அதிர்வைக் கையிலிருந்து விலக்கி வைப்பது அந்த எடைதான். பார் மாற்றியதும் கை முன்பைவிட அதிகம் மரக்கிறது என்று புலம்புபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எடைக் கட்டி எங்கே என்பது.

கிளாம்ப் போல்ட்டை இறுக்குவதில் அண்ணனோடு ஒரு சின்ன வாக்குவாதம். அவருக்குக் கைக்கணக்கு, எனக்கு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்). 8 மி.மீ போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் போதும், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. டி-ஸ்டெம் அலுமினியம், மரை போய்விட்டால் லேத் பட்டறைக்கு அலைய வேண்டும். சில வண்டிகளில் முன் இரண்டு போல்ட்டை முழுக்க இறுக்கி, பின்னால் இடைவெளி விட வேண்டும், கிளாம்ப்பில் அதற்கு ஒரு புள்ளியோ அம்போ குத்தியிருப்பார்கள். சிலவற்றில் இரண்டு பக்கமும் சம இடைவெளி. ஒரே மூச்சில் ஒன்றை மட்டும் முறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதுதான் முக்கியம். லிவர் கிளாம்பை மட்டும் இரும்பாக இறுக்காதீர்கள். அதன் அடியில் இரண்டு சுற்று டெஃப்லான் டேப் சுற்றி, கையால் பலமாகத் தள்ளினால் சுழலும் அளவுக்கு விட்டால், வண்டி விழும்போது லிவர் உடையாமல் சுழன்று கொடுக்கும்.

கிரிப் மாட்டச் சோப்புத் தண்ணீர் வேண்டாம், அது உள்ளேயே தங்கி மழை நாளில் கிரிப் சுழலும். சானிடைசரோ ஹேர் ஸ்பிரேயோ நல்லது, உடனே வழுக்கும், பிறகு காய்ந்து பிடித்துக்கொள்ளும். ஆக்சிலேட்டர் குழாய்க்கும் பார் எண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியாவது விடுங்கள். முறுக்கி விட்டால் ஆக்சிலேட்டர் பட்டென்று தானாகத் திரும்ப வேண்டும், பாரை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தாலும்.

இந்தக் கடைசி விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. எஞ்சினை ஐடிலில் விட்டு, பாரை இடது கடைசியிலிருந்து வலது கடைசி வரை மெதுவாகத் திருப்புங்கள். எங்காவது எஞ்சின் சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது. யூ-டர்ன் எடுக்கும் நேரத்தில் வண்டி தானாகப் பாயும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுக்க நீண்டிருக்கும் நிலையிலும் பிரேக் ஹோஸ் விறைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள், முன் சஸ்பென்ஷன் 200 மி.மீ ஏறி இறங்கும் வண்டி இது. ஃபோர்க் அமுங்கும்போது ஹோஸோ வயரோ எங்கும் மாட்டக் கூடாது. விண்ட்ஷீல்டில், டேங்கில், முழங்காலில் பார் இடிக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம்.

சட்டம் பற்றி ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் வரலாம். வளைந்த கம்பெனிப் பாரைத் தூக்கிப் போட்டாலும், மிரர்கள், இண்டிகேட்டர்கள், ஸ்விட்ச்கள் எல்லாம் கம்பெனி போட்டபடியே இருக்கட்டும். வாரண்டி பாக்கியிருக்கும் வண்டி என்றால் கேபிள், ஹோஸ் பக்கம் கை வைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கிளாம்ப் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் பார்த்தேன், ஒன்று கொஞ்சம் தளர்ந்திருந்தது. சுண்டுவிரல் மரப்பு நெடுஞ்சாலையில் பெருமளவு குறைந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவில் வெளிக்கை மடிந்தே இருக்கிறது. மணலில் பழைய அகலம் கொடுத்த சுலபம் இப்போது இல்லை, முன்சக்கரம் புதையும்போது கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு அது பரவாயில்லை, நான் போகும் வழிகளில் மணலைவிட வளைவுகள் அதிகம். மணிக்கு 80-ஐ ஒட்டி ஓர் அதிர்வு மட்டும் புதிதாக வந்திருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கனமான பார் எண்ட் தேடிக்கொண்டிருக்கிறேன். லேத்தில் சொல்லிப் பித்தளையில் கடைந்து தரச் சொல்லலாம் என்று அண்ணன் சொல்கிறார். அளவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.